அக்கா தூக்கிய கார்கள்

அக்காவின் இடது புருவத்தைப் பிளந்தவர் ஒரு பல் டாக்டர். வலது முழங்கையில் தோல் கருத்துச் சுருங்கியிருந்தது; அது ஒரு கணக்கு வாத்தியாரின் மனைவி மாடியிலிருந்து ஊற்றிய வெந்நீர். பாதியோடு போன சுண்டுவிரலுக்கு மட்டும் யாரும் காரணமில்லை. சங்கிலிக்கும் ஒரு பழைய பம்பருக்கும் நடுவில் அதுவாகப் போய் மாட்டிக்கொண்டது. "படிச்சவங்க அடிச்சா காயம் நேராப் பிளக்கும்டி, தையல் போடச் சுலபம்" என்று அக்கா சிரிப்பாள்.

அவள் நகரசபைக்குக் கிரேன் ஓட்டினாள். தெருவோரங்களிலும் வீட்டு வாசல்களிலும் வருடக்கணக்காக அசையாமல் கிடக்கும் பழைய கார்களைத் தூக்கி லாரியில் ஏற்றி, நசுக்கும் கிடங்குக்கு அனுப்புவது அவள் வேலை. எல்லாம் ஒரு காலத்தில் தெருவே திரும்பிப் பார்த்த வண்டிகள். நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, மரம் பதித்த டாஷ்போர்டு. இப்போது டயர்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். சீட்டுப் பஞ்சுக்குள் எலி குடும்பம் நடத்தும். புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும். பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஏதோ ஒரு மரக்கன்று ஆளுயரத்துக்கு நிற்கும்.

"இத்தனை வருஷம் செத்துக் கிடந்த காருக்கு, நான் பெல்ட்டு மாட்டுன நிமிஷத்துல உயிர் வந்துடும்" என்பாள் அக்கா. உரிமையாளர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "ரெடி பண்ணப் போறேன்." பல் டாக்டரும் அதையே சொன்னார்.

"எங்க கைய வைக்கிற? அது எங்க தாத்தா கார். ரெடி பண்ணப் போறேன்."

"தாத்தா இருந்திருந்தா இந்தக் கதிக்கு விட்டிருப்பாரா சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் ஜாக்கிக் கம்பி விழுந்தது. கண்ணுக்குள் இரத்தம் வழிய வழிய அக்கா வண்டியைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டு இறங்கினாள். "பல்லு வலிச்சா உங்ககிட்டதான் சார் வருவேன். இப்ப வழி விடுங்க" என்றாளாம். அவளோடு வேலை செய்த கொக்கி அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். வண்டிக்கு அடியில் பெல்ட் கோத்துக் கொக்கியில் மாட்டுவது அவர் வேலை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அக்கா வாங்கிக்கொண்டு மட்டும் வருகிறவள் அல்ல. கொக்கி அண்ணனின் கழுத்தை நெரித்த ஒருவனை, பெல்ட் நுனியில் இருக்கும் இரும்பு வளையத்தால் ஒரே வீச்சு வீசினாள். அவன் தாடை நகர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த வேலையில் ஒரு விதி இருந்தது. உள்ளே ஆள் இருந்தால் வண்டியைத் தூக்கக் கூடாது. கிரேன் திரும்பிப் போய்விட வேண்டும். இது ஊருக்கே தெரியும். ஆகவே கிரேன் சத்தம் கேட்டதும் வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைக் காருக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். ஒரு வீட்டில் மருமகள் தலையணை சகிதமாக மாமியாரைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டாள். கொக்கி அண்ணன் குனிந்து, "அம்மா, உங்களையும் சேர்த்துத் தூக்கினா உங்க மருமக ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பாத்துக்கங்க" என்றார். அந்த அம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

யார் அடிப்பான், யார் அடிக்க மாட்டான் என்று அக்காவுக்குக் காரைப் பார்த்ததுமே தெரியும். "தொடச்சு வச்சிருக்கறவன் கெஞ்சுவான். நாசமாப் போகட்டும்னு போட்டு வச்சிருக்கறவன்தான் கம்பியத் தூக்குவான்." இதை அவள் தெருவில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வாசலிலேயே அப்படி ஒரு கார் கிடந்தது.

அப்பா ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி புதுக் கார் வாங்கியபோது பழைய கருப்புக் காரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். சில வருடங்கள் ஓடியது. பிறகு நின்றது. பின்பாதி எங்கள் வாசலிலும் முன்பாதி தெருவிலுமாக நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. ஓடாமல் போன பிறகு அது எங்கள் வீட்டின் இன்னொரு அறையாகிவிட்டது. அப்பா எங்களை அடிப்பதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்த அறையிலிருந்து வந்தன. ஏரியல் கம்பி, ஃபேன் பெல்ட், ஜாக்கியின் கைப்பிடி. அக்கா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எதிர்த்துப் பேசினால் டிக்கியில் போட்டுப் பூட்டுவார். என்னை அடிக்க வரும்போதெல்லாம் அவள் எதிர்த்துப் பேசுவாள். கதவுகளின் உள்பக்கக் கைப்பிடிகளை அப்பாவே கழற்றி எறிந்திருந்தார். அவர் உள்ளே வைத்த ஆளை அவர்தான் வெளியே விட வேண்டும்.

பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவர் ஒருமுறை வந்து, கேட்கிற விலை தருவதாகச் சொன்னார். வாசற்கதவைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தவரின் விரல்கள் மேல் அப்பா கதவை அறைந்து சாத்தினார். "விக்கவாடா வச்சிருக்கேன்? ரெடி பண்ணப் போறேன்!" அந்த மனிதர் விரல்களை வாயில் வைத்துக்கொண்டு தெரு முனை வரை ஓடினார்.

நான் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டேன். அக்கா போகவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால், "அம்மாவைச் சீர் வரிசையோட சேத்து அனுப்புவீங்கன்னா சரி" என்பாள்.

போன கோடையில் அம்மா துவைத்த துணிகளை அந்தக் காரின் பானெட் மேல் காயப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அப்பா அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின் சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார். நடு மதியம். தெருவில் போனவர்கள் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறார்கள். அக்கா வேலை முடிந்து வரும்போது கார்க் கண்ணாடிகள் உள்ளுக்குள் வேர்த்திருந்தன. ஒரு கண்ணாடியில் அம்மாவின் கை ஒட்டியிருந்தது. நகங்கள் பிய்ந்திருந்தன.

அக்கா சுத்தியலால் பின் கண்ணாடியை உடைத்து அம்மாவை வெளியே இழுத்தாள். அப்பா பின்னாலிருந்து வந்து ஃபேன் பெல்ட்டால் அவள் முதுகில் விளாசினார். அக்கா திரும்பவில்லை. அம்மா வாயில் தண்ணீரை விட்டு, அது தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய பிறகுதான் எழுந்தாள்.

"இந்த வண்டி போகுது" என்றாள்.

அம்மா அன்று இரவு என்னோடு போனில் அழுதாள். "வேணாம்னு சொல்லுடி அவகிட்ட. வண்டி போச்சுன்னா அவரு மனுசனா இருக்க மாட்டாரு." பக்கத்தில் அக்காவின் குரல் கேட்டது: "இப்ப மட்டும் என்னவா இருக்காராம்?"

அக்கா முறைப்படிதான் செய்தாள். நகரசபையின் நோட்டீஸைத் தன் கையாலேயே காரின் முன்கண்ணாடியில் ஒட்டினாள். அப்பா அதைக் கிழித்து உருட்டி அவள் வாயில் திணிக்கப் பார்த்தார். கடித்துவிட்டாள். கெடு முடிந்த காலையில் கிரேனும் லாரியும் எங்கள் தெருவுக்கு வந்தன. வழியில் கொக்கி அண்ணன் கேட்டிருக்கிறார்: "உன் வீட்டு வண்டிம்மா. வேற டிரைவரைப் போடச் சொல்லட்டா?"

"வேற ஆளுன்னா அவரு கொன்னே போட்டுடுவாரு அண்ணே. என்னை அடிச்சாவது பழக்கம்."

துருப்பிடித்த வண்டியைத் தூக்குமுன் அக்கா ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்து, பெல்ட் பிடிக்கப்போகும் அச்சுகளைத் தட்டிக் கேட்பாள். 'நங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'தொப்' என்றால் பெயிண்ட் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் காரின் இரண்டு அச்சுகளும் 'நங்' என்றன. கொக்கி அண்ணன் பெல்ட்டுகளைக் கோத்து மாட்டினார். அப்போது அப்பா ஜாக்கிக் கைப்பிடியோடு இறங்கி வந்தார். முதல் அடி கொக்கி அண்ணனின் தோளில் விழுந்து எலும்பு விரிசல் விட்டது. இரண்டாவது அடி அக்காவுக்கு ஓங்கியது. அவள் விலகியதில் கிரேனின் விளக்கு நொறுங்கியது. பெல்ட் இறுகியிருப்பதைப் பார்த்ததும் அப்பா கம்பியைப் போட்டுவிட்டு, கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

"இப்பத் தூக்குடி பாக்கலாம்! சட்டம் தெரிஞ்சவளே!"

வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

கொக்கி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவுத்துடலாம்மா. நாளைக்கு வருவோம்" என்றார்.

"நாளைக்கு வரைக்கும் அம்மா இருக்கணுமே அண்ணே."

உடைந்த பின் கண்ணாடி வழியாக அக்கா, "இறங்குங்கப்பா" என்றாள். அப்பா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: "நீ போ. நீ போனதும் உங்கம்மாவை மறுபடி உள்ள வைக்கிறேன். இந்தத் தடவை டிக்கியில."

அக்கா போய்க் கிரேனில் ஏறினாள்.

கொஞ்சம் தூக்கினால் அலறி அடித்துக்கொண்டு இறங்கிவிடுவார் என்று அவள் நினைத்திருப்பாள் என்கிறார் கொக்கி அண்ணன். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். டயர்கள் மண்ணைவிட்டு வந்ததும் அப்பா அலறத்தான் செய்தார். கதவைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார். அங்கே கைப்பிடி இல்லை. கண்ணாடியைக் குத்தினார். தூரத்திலிருந்து பார்க்க அது மிரட்டுவது போலத்தான் இருந்திருக்கும். வண்டி இன்னும் மேலே போனது. மார்பளவு உயரத்துக்கு.

தரை விட்டுப்போனது அப்போதுதான். காரின் தரைத் தகடு. அக்கா அதைத் தட்டிப் பார்க்கவில்லை. அவள் மட்டுமல்ல, அந்தத் தொழிலில் யாருமே தட்டிப் பார்ப்பதில்லை. தூக்கும்போது உள்ளே ஆள் இருப்பதே கிடையாது என்பதால், தரை தாங்குமா என்ற கேள்வி எந்தக் கிரேன்காரருக்கும் வந்ததில்லை. அச்சு தாங்கினால் வண்டி தாங்கும். அப்பளம்போல இற்றுப்போயிருந்த அந்தத் தகடு கிழிந்து, அப்பா சீட்டோடு கீழே வந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்த சத்தம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டதாம்.

கனம் குறைந்த கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிழிந்த தகட்டின் முனை பெல்ட்டில் போய் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கியது. கொக்கி அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். "போகாதே! அடியில போகாதே!" என்று கத்தினார். அக்கா ஏற்கெனவே கிரேனிலிருந்து குதித்திருந்தாள். தவழ்ந்து உள்ளே போய், சீட்டின் கம்பிகளிலிருந்து அப்பாவைப் பிய்த்து, அக்குளில் காலைக் கொடுத்து வெளியே உதைத்துத் தள்ளினாள். அவர் வெளியே உருண்டார். பெல்ட் அறுந்தது.

தூக்கிப் பார்த்தபோது அவளுடைய முகம் முழுதாக இருந்தது என்றார்கள். மற்றதை எனக்குக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு திரும்பியதும் நான் விஷயத்தைச் சொன்னேன். "அவளை யாரு அடியில வரச் சொன்னா?" என்றார். பிறகு, "வண்டி எங்க?" என்றார்.

வண்டி கிடங்கில் இருந்தது. விசாரணை நடந்தது. ஆள் உள்ளே இருக்கும்போது தூக்கப்பட்டதால் அந்த அப்புறப்படுத்தல் செல்லாது என்று முடிவாகி, எடுத்த இடத்திலேயே காரைத் திரும்ப வைக்கும்படி உத்தரவாயிற்று. போன வாரம் கொண்டுவந்தார்கள். புது டிரைவர் ஒருவன். கூடக் கட்டுப்போட்ட தோளோடு கொக்கி அண்ணன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரின் கூரை நசுங்கி, முன்பக்கம் விரிந்து, அடிப்பாகம் திறந்து கிடந்தது. கிரேன் அதை லாரியிலிருந்து தூக்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்குத் திடீரென்று தெம்பு வந்துவிட்டது. "பின்னால! இன்னும் கொஞ்சம் பின்னால! பாத்து, பம்பர் சுவத்துல இடிக்கப் போவுது!"

அப்போது அம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். படி இறங்கி, கார் நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை படிந்திருந்த தரையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கம்மா, இங்கதான் இறக்கணும்" என்றான் டிரைவர்.

"இறக்கு."

"நீங்க இருந்தா எப்படிம்மா இறக்குறது?"

"அது உன் பாடு."

அப்பா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பிறகு பித்தளைச் சொம்பு ஒன்று ஜன்னலைத் தாண்டிப் பறந்து வந்து அம்மாவின் நெற்றியில் பட்டது. இரத்தம் மூக்குவரை இறங்கியது. நான் ஓடினேன். அம்மா என்னைக் கையால் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அடிபட்ட பிறகு அவள் எழுந்து போகாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, உத்தரவுல இந்த இடம்தான் போட்டிருக்கு" என்றான் டிரைவர் மெதுவாக.

கொக்கி அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டிருக்கட்டும். மனுசி மேல இறக்கச் சொல்லிப் போட்டிருக்கா? கொண்டு போய்க் கிடங்குலயே போடு. கேட்டா என் பேரைச் சொல்லு."

கார் லாரிக்கே திரும்பிப் போனது. கிழிந்த அடித்தகடு தொங்கித் தொங்கி ஆடியபடி லாரி தெருமுனையில் திரும்பும்வரை அப்பா கத்திக்கொண்டிருந்தார். பிறகு குரல் கம்மிவிட்டது.

"லாரி போயிடுச்சும்மா. எந்திரி, காயத்தைக் கழுவலாம்."

"இருடி" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். திரும்பி வந்தாலும் வருவானுங்க."