மிளகு சேர்த்த மஞ்சள்

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் நடத்துகிறவன். வீட்டிலும் நடத்துகிறவன். என் மனைவிக்கு இது கல்யாணமான ஆறாம் மாதமே பழகிவிட்டது. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல் "ம்" கொட்டுவாள். அந்த "ம்"மை நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அவள் தேவனாம்பட்டினத்தில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, முட்டி இரண்டும் பாழாகிவிட்டன. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால் அதை விட்டாயிற்று. அப்போதுதான் நான் களத்தில் இறங்கினேன்.

மஞ்சளில் வீக்கத்தைக் குறைக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் சும்மா பாலில் கலக்கிக் குடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும். தண்ணீரில் கரையாது, நெய்யில் கரையும். உள்ளே போகிற கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளப் பார்க்கும். மிளகு அந்த வேலையைத் தாமதப்படுத்தும். இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தேன், சரியாகத்தான் படித்தேன். தப்பாகப் படித்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருக்காது.

முதலில் மஞ்சள்தூள், மிளகுத்தூள், நெய் மூன்றையும் குழைத்து ஒரு ஸ்பூன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு சிதம்பரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் மஞ்சள் சத்து என்று தனியாகப் பிரித்த பொடி கிடைத்தது. சாதாரணத் தூளைவிடப் பல மடங்கு வீரியம். மிளகுச் சத்தும் அப்படியே கிடைத்தது. காலி கேப்சூல் வாங்கி நானே அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேப்பரை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கானது தயார். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவேன். கேட்கிறவர்களுக்கு அங்கேயும் ஒரு வகுப்பு நடத்துவேன்.

ஒரு மாதம் கழித்து, "எப்படி இருக்கு முட்டி?" என்று கேட்டேன்.

"பரவால்லங்க. வலி கொறஞ்சிருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. குறைகிறது என்றால் முழுசாகப் போகவும் போகும். காலையில் ஒன்று என்பதை இரண்டாக்கினேன். பிறகு இரவுக்கும் இரண்டு. சாப்பிட்ட உடனே, ஒரு ஸ்பூன் நெய்யோடு. நான் எதிரில் நின்று, தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே நகர்வேன்.

அவளுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. உடம்பெல்லாம் அரிப்பு என்றாள். சோப்பை மாற்றினேன். அசதி என்றாள். வெயில் என்றேன். கடைசியில் கண்டுபிடித்தது அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஒரு மீன்காரப் பெண். "இன்னா டீச்சர், கண்ணு இப்டி மஞ்சளா கீது?" என்று கேட்டிருக்கிறாள். தினமும் இரண்டு வேளை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்கு மேலே ஒரு ஜாண் தூரத்தில் இருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

கடலூரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். கல்லீரல் கெட்டுப் போயிருக்கிறது, காரணம் தெரியவில்லை, கிருமி எதுவும் இல்லை என்றார். "வேற எதாச்சும் மாத்திரை எடுக்குறாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன் நான்.

பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. எங்கள் பக்கம் யாரும் மஞ்சளையும் மிளகையும் மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது அஞ்சறைப் பெட்டிச் சாமான். ஆனால் கேப்சூலில் அடைத்து, வேளை வைத்துக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவள் அக்கா கீழாநெல்லி பிடுங்கி அரைத்துக் கொண்டுவந்தார். "கண்டதையும் உள்ள தள்ளக் கூடாதுங்க. இதெல்லாம் அளவு தெரியாத சமாச்சாரம்" என்று நான் அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் தெருமுனை தாண்டியதும் என் டப்பாவைத் திறந்து இவளுக்கு இரண்டு கேப்சூல் கொடுத்தேன். மஞ்சள் கல்லீரலுக்கு நல்லது என்றும் நான் படித்திருந்தேன்.

பத்து நாளில் நிலைமை மோசமானது. நிற்க முடியவில்லை. சிதம்பரத்துக்குக் கொண்டு போனோம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை என் தோளில் சாய்ந்திருந்தவள், "நான் இல்லன்னா நீங்க யாருக்குங்க பாடம் எடுப்பீங்க?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டதும், பழக்கத்தில், பையிலிருந்து டப்பாவை எடுத்து இரண்டு கொடுத்தேன். விழுங்கினாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு டாக்டரம்மா வந்தார். என்னிடம் படித்துப் போன மாணவி வயதுதான் இருக்கும். கட்டிலில் ஓரமாக உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: "யோசிச்சு சொல்லுங்கம்மா. கொழம்புல போடுறத கேக்கல. தனியா பொடி, கஷாயம், கேப்சூல், சத்து மாத்திரை, எது வேணா இருக்கட்டும். எதாவது சாப்பிட்டீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, காரணம் என் டப்பாதான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "இல்லம்மா. வூட்டு சாப்பாடுதான்" என்றாள்.

நானும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் கீழே இறங்கி, வாசல்வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இவள் செத்துப் போனாலும் போகட்டும், நான் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும் என்றா நிற்கிறேன் என்று எனக்கே கேட்டது. திரும்பி மேலே ஓடினேன். டப்பாவை டாக்டரம்மா கையில் வைத்தேன்.

அவர் ஒரு கேப்சூலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இதுல மிளகும் சேத்திருக்கீங்களா?"

"சேத்தாதான் உடம்புல ஒட்டும்." என் வாய் வகுப்பறைக் குரலில் சொல்லிவிட்டது.

"நீங்க சொல்றது கரெக்ட்தான் சார்" என்றார் அவர். "இதுதான் காரணம்னு எனக்குத் தோணுது. இன்னியோட நிறுத்திடுங்க. லிவர் திரும்ப வருதான்னு பாப்போம்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கட்டிலுக்கு வந்து, "ஏன் இல்லன்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"அத்தினி பேர் எதிர்ல உங்கள எதாவது சொல்லிடுவாங்க. நீங்க தாங்க மாட்டீங்க."

"உன் உயிருடி."

அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லிட்றேன். முட்டி வலி கொறையவே இல்லங்க. கொறஞ்சிதுன்னு சொன்னா அத்தோட விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஜாஸ்தி பண்ணிட்டீங்க."

மூன்று வாரத்தில் கண்ணின் மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்தோம். கல்லீரல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, மாதம் ஒருமுறை சிதம்பரம் போய்வருகிறோம். "எப்படி இருக்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்கிறாள். அதை நம்ப எனக்கு வழியில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, இவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டியிருக்கிறது. இவள் எனக்குப் பயந்து இத்தனை வருஷமாக வேறு எதற்கெல்லாம் "ம்" சொன்னாள் என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவதைப் பார்த்தேன். "முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன். வழக்கம்போல "இல்லங்க" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் அடுத்த அடி எடுத்து வைக்காமல் அங்கேயே நின்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நான் அடுத்து என்ன ஆரம்பிக்கப் போகிறேன் என்று பார்க்கிற மாதிரி.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வலிக்குது."

எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.