கண்மாய்க் கரையில் டீச்சர் தூக்கச் சொன்ன கொடி

ரோஸ்லின் டீச்சர் இறந்துவிட்டாராம். காலையில் எங்கள் பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

அப்போதிருந்து ஒரே கண்ணீர் எமோஜி. "அம்மா மாதிரி இருந்தாங்க", "அந்த சம்மர் கேம்ப்பை மறக்க முடியுமா"... நானும் அதை மறக்கவில்லை. அதனால்தான் அங்கே ஒன்றும் போடாமல் இங்கே வந்து எழுதுகிறேன்.

செத்தவரைக் குறை சொல்லலாமா என்று யாரும் கமென்ட்டில் வர வேண்டாம். அந்த நாகரிகம் எனக்கும் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு மிஷன் ஸ்கூலில் ஒன்பதாவது முடித்திருந்தேன். மே மாத லீவில் பெண்பிள்ளைகளை மட்டும் ஒரு வாரம் கேம்ப் கூட்டிப்போவதாக பி.டி. டீச்சர் ரோஸ்லின் சொன்னார். ஊருக்கு வெளியே பெரிய கண்மாய், கரையோரம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், சாப்பாடு தூக்கம் எல்லாம் அங்கேயே.

அப்பாவுக்கு சிம்மக்கல்லில் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. பொம்பளப் பிள்ளையை வெளியில் தங்க விடுவதா என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

டீச்சரே வீட்டுக்கு வந்தார். "அண்ணே, என் பொறுப்புல அனுப்புங்க. எம் பிள்ள மாதிரி பாத்துக்கிறேன்."

"நீங்க சொன்னா அப்பீல் ஏது டீச்சரம்மா," என்றார் அப்பா. எனக்குக் குஷியில் தலைகால் புரியவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், முதல் சில நாட்கள் அப்படியொரு சந்தோஷம். எனக்குத் தண்ணீர் என்றால் பயம்... டீச்சர் என் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மிதக்கக் கற்றுக்கொடுத்தார். கையை எடுக்க மாட்டேன் என்றார், எடுக்கவும் இல்லை.

அந்த வாரம்தான் அந்த ஊரில் மீன்பிடித் திருவிழா வந்தது. வெயிலில் கண்மாய்த் தண்ணீர் இறங்கியதும் சுற்றுவட்டாரமே சேர்ந்து மீன் பிடிப்பார்கள். ஊர்ப் பெரியவர் அம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருத்தரும் காலை நனைக்கக் கூடாது.

எதிர்க் கரை முழுக்க வலையும் கூடையுமாகக் கூட்டம். பெரியவர் இன்னும் கோயிலில் இருந்தார். எங்களுக்கோ அப்போது கொடி அசைத்துச் சேதி சொல்லும் கிளாஸ்... கலர் துணி கிடைக்காமல் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கம்பில் கட்டி வைத்திருந்தார் டீச்சர்.

என்னைக் கரைமேல் ஏறி நிற்கச் சொன்னார். "டீச்சர், அம்புட்டுப் பேரு நிக்கிறாகளே," என்றேன்.

"அவங்க சோலிய அவங்க பாக்குறாங்க. நீ தூக்கு."

தூக்கினேன்.

எதிர்க் கரை மொத்தமும் ஓவென்ற சத்தத்தோடு தண்ணீருக்குள் இறங்கியது. பெரியவர் சூடத்தட்டோடு வந்து சேர்ந்தபோது கண்மாய் வெறும் சேறாகக் கலங்கிக் கிடந்தது.

சாமி கும்பிட்டு முடியும் முன்பே கண்மாயில் இறங்கிவிட்டார்கள்... இனி மழை எப்படிப் பெய்யும்? ஊரே எங்கள் கேம்ப் வாசலில் வந்து நின்றது. "எவ கொடியத் தூக்குனது?"

டீச்சர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நான் சொல்லவே இல்லங்க. இவளா வெளையாட்டுக்குத் தூக்கிட்டா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"சின்னப் பிள்ள, விடுங்கப்பா. ஆத்தா முன்னால விழுந்து கும்புட்டுப் போகட்டும்," என்றார் பெரியவர். அத்தனை பேர் பார்க்க மண்ணில் விழுந்தேன். கேம்ப் பாதியில் முடிந்தது... திரும்பும் பஸ்ஸில் ஒருத்திகூட என் பக்கத்தில் உட்காரவில்லை. இன்று அழுகிற எமோஜி போடுகிறவர்கள்தான்.

அப்பாவிடம் டீச்சர் நேரில் வந்து சொன்னார், அடங்காத பிள்ளை என்று. நான் நடந்ததைச் சொல்லி எவ்வளவோ அழுதேன்.

"டீச்சரு பொய் சொல்லுவாகளா?" என்று ஒரே கேள்வி கேட்டார் அப்பா. அதோடு என் படிப்பு முடிந்தது. பத்தாம் வகுப்புக்கு நான் போகவே இல்லை.

எண்பதுகளில் தல்லாகுளத்தில் ஒரு கல்யாணத்தில் டீச்சரைப் பார்த்தேன். என் கையில் குழந்தை. "என் ஸ்டூடண்ட். ஒரு ஊரையே கண்மாய்க்குள்ள இறக்கி விட்டவ," என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு அறிமுகம் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

கை கழுவும் இடத்தில் தனியாகப் பிடித்தேன். "டீச்சர், எங்கப்பா நல்லா இருக்காரு. அவருகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

குழாயை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு அப்ப வேலை பெர்மனென்ட் ஆகலம்மா... ஒரு நாள் வீட்டுக்கு வாரேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்து என்ன செய்ய... அதற்கப்புறம் பெர்மனென்ட் ஆகி, ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி, ரிட்டயரும் ஆனார். எங்கள் வீடு ஒன்றும் தூரமில்லை.

அவர் வரவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது சொல்லி அனுப்பினேன், அப்போதும் வரவில்லை.

அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இந்நேரம் நீயும் ஒரு டீச்சரு," என்றார். பிரியமாகத்தான் சொன்னார்.

போயிட்டு வாங்க டீச்சர். எங்கப்பாவை அங்கே பார்த்தால், நான் பொய் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.