எலுமிச்சைக்குப் பட்ட தீட்டு

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் கல்யாணமாகி, கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் வாழப் போனேன். மாமியார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் மனையாகிப் போனதில் மிச்சம் இருந்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு எலுமிச்சை மரம்தான். ஆடி வெள்ளியில் அம்மனுக்கு மாலை கோக்க அந்தத் தெருவே அந்த மரத்துக்குத்தான் வரும். அதனால் வீட்டுக்கு விலக்கான நாட்களில் பெண்கள் அதன் பக்கம் போகக் கூடாது, போனால் மரம் பட்டுப்போகும் என்பது அந்த வீட்டுச் சட்டம். நான் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு நாள்கூடப் போனதில்லை.

வைகாசியில் கொழுந்து இலைகள் சுருள ஆரம்பித்தன. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கீழ்க்கிளை இலைகளில் கரி பூசியது போலக் கறுப்பு படிந்தது. வந்த பூவும் உதிர்ந்தது. மாமியார் மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த மூணு நாள்ல இந்தாண்ட வந்தியா?"

"இல்லீங்க அத்தை."

"பின்ன எப்டி கருகுது? இத்தினி வருசமா ஒண்ணும் ஆவலியே. நீ வந்தப்புறம்தான இப்டி கீது."

சுருண்ட இலை ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. எறும்புகள் வேறு கிளையில் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. "பூச்சி எங்கதான் இல்ல? தீட்டு பட்டாதான் இலை சுருளும்" என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். நெற்பயிரில் புகையான் பூச்சி வந்தபோதெல்லாம் மருந்து வாங்க ஓடிய குடும்பம் அது. நெல் கருகினால் காரணம் பூச்சி, எலுமிச்சை கருகினால் காரணம் மருமகள்!

அன்றிலிருந்து தோட்டத்துப் பக்கம் நான் எந்த நாளிலும் போகக் கூடாது என்றாயிற்று. துணி உலர்த்தக்கூட விடவில்லை. தெருக்குழாயடிக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்கும். எனக்கு உடம்பே கூசியது. என் மேல் தப்பில்லை என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொன்னால் போதும் என்றிருந்தது.

அந்த ஒருவர் என் புருஷன் என்றுதான் நினைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை அவருக்கு. நான் சொன்னதை நம்பினார். ஒரு கொத்து இலையைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு போய் உரக்கடையில் காட்டிவிட்டு வந்தார்.

"அசுவினின்னு பேராம். இலையில கீற சாறை உறிஞ்சிட்டு இனிப்பா கழியுமாம். அதத் தின்னத்தான் எறும்பு வருதாம், அது மேலதான் கறுப்பு புடிக்குதாம். சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய கலந்து இலைக்கு அடியில அடிக்கணுமாம்."

"இத அத்தைகிட்ட சொல்லுங்களேன்."

"நீ கவலப்படாத. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தாலி ஏறிய அன்றுகூட எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை. புதுப்பெண் என்பதால் ஆடிக்கு அப்பா வந்து திருநின்றவூருக்கு அழைத்துப் போனார். ரயிலில் உட்கார்ந்து என் புருஷனைப் பற்றி ஒரே பெருமை பேசிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆவணி பிறந்து திரும்பி வந்தபோது மரம் முழுக்கப் பளபளவென்று புதுத் தளிர். பையைக் கீழே வைக்கவில்லை, பக்கத்து வீட்டம்மாவிடம் மாமியார் சொல்வது காதில் விழுந்தது: "பாத்தியா, இவ அந்தாண்ட போனா, மரம் தழைச்சிகினு வந்திடிச்சி." நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார்.

அறைக்குள் போய்க் கேட்டேன். "மருந்து அடிக்கலியா?"

"அடிச்சேனே, நாலஞ்சி வாட்டி" என்றார் சந்தோஷமாக. "அம்மா பால் வாங்கப் போன நேரமா பாத்து."

"அத்தைகிட்ட சொல்லலியா?"

"மரந்தான் நல்லாயிடிச்சே. இன்னாத்துக்கு இப்ப அது? வுடேன்."

நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பூச்சி, வேப்பெண்ணெய், பால் வாங்கப் போன நேரம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா, மருந்து அட்ச்சியா நீ?"

என் புருஷன் தரையைப் பார்த்தார்.

"இல்லியேமா. நான் ஏன் அடிக்கப்போறேன்?"

மாமியார் என்னைத் திட்டவில்லை. "வெயில்ல வந்துகீற. போ, போய் தல முழுகிட்டு வா" என்று பாவப்பட்டுச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த முறை விலக்கான முதல் நாளே, யாரிடமும் சொல்லாமல் மரத்தடிக்குப் போய், இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் இலைகூட வாடவில்லை. அந்தப் பருவத்தில் மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்த என் புருஷன், எலுமிச்சம்பழச் சாறு ஒரு டம்ளர் கொடு என்றார். பழத்தையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.