குஞ்சுக்குக் கேட்ட குரல்

பெருங்கொக்குக் குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்கப் போகும்போது அவள் உடம்பு முழுக்க வெள்ளை அங்கி மாட்டிக்கொள்வாள். முகத்துக்கு வலை. கையில் தாய்க்கொக்கின் தலைபோலச் செய்த பொம்மை. அதன் அலகால்தான் ஊட்ட வேண்டும். உள்ளே வாய் திறக்கக் கூடாது. மனிதக் குரலுக்குப் பழகிய கொக்கு, வளர்த்துச் சதுப்பில் விட்டதும் மனிதரைத் தேடிப் போய்ச் சாகும். அவள் வேலை பார்த்த பறவைக் காப்பு அறக்கட்டளை அதைப் பல கொக்குகளைப் பறிகொடுத்துத்தான் கற்றிருந்தது.

"அங்க கட்டி வச்ச வாயை வீட்டு வாசல்லயே அவுத்து விட்டுடுறா" என்பான் கணவன்.

"உங்களைக் கட்டிக்கிட்டதுல அதுவாவது மிஞ்சிச்சே" என்பாள்.

அந்த வருஷம் நான்கு குஞ்சுகள், தனித்தனி அறையில். கடைசியாகப் பொரித்தது தின்ன மறுத்தது. போன வருஷம் ஒன்று இப்படித்தான் தொடங்கி, அவள் மடியிலேயே விறைத்துப்போனது. பொம்மை அலகால் புழுவை நீட்டினாள். குஞ்சு தலையைத் தொங்கப்போட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே யாருக்கும் கேட்காது.

"என் கண்ணுல்ல, ஒரு வாய் வாங்கிக்கோ. யார் மேலடி கோவம்?"

குஞ்சு தலையைத் தூக்கியது. வாங்கிக்கொண்டது. அடுத்த வேளையும் பேசினால்தான் தின்றது. தேறும்வரை பேசினாள். பிறகு நிறுத்திவிட்டாள். மறந்திருக்கும் என்று நம்பினாள்.

சிறகு முற்றியதும், மனிதருக்கு மிரளுகின்றனவா என்று சோதனை. பறவை டாக்டர் சாதாரண உடுப்பில் கூண்டுக்குள் போய் உரக்கப் பேசினார். மூன்று கொக்குகள் சிதறி ஓடின. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து அவர் சட்டைப் பொத்தானைக் கொத்தியது.

மேற்பார்வையாளர் திரும்பினார். "யாரு பேசினது?"

"நான்தாண்ணே."

"ஏம்மா, உனக்குத் தெரியாததா?"

"செத்துடும்னு தோணிச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

"விட்டுப் பாருங்கண்ணே. கூட்டத்தோட சேர்ந்தா சரியாயிடும்."

"ஆள் சத்தம் கேட்ட இடத்துல இறங்கிடும்மா" என்றார் டாக்டர். "ரோடா, வண்டியான்னு பாக்காது."

மூன்றையும் சதுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். நான்காவதன் சிறகைக் கத்தரித்து, பார்வையாளர்கள் வரும் பக்கம் இருந்த கூண்டில் அடைத்தார்கள்.

"இதுக்கு இனிமே அங்கி வேணாம்" என்றார் மேற்பார்வையாளர். "பேசலாம். தப்பில்லை."

தீனி வாளியோடு வெறும் முகமாய் உள்ளே போனாள். அந்த முகத்தை அது கண்டதில்லை. மிரண்டு கம்பியோரம் ஒதுங்கியது. மனித முகத்துக்கு இன்னும் மிரளுகிறதே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவரும். உதட்டைக் கடித்துக்கொண்டு, வாளியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம், வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மாள் கைதட்டி, "செல்லம், இங்க வா" என்றாள்.

கொக்கு அங்கே ஓடியது.