சிவப்பு பேசினில் ஒரு யானை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சப்பாத்தி ரிஜெக்ட் ஆனது.

சிரிக்காதீர்கள். ரிஜெக்ட் செய்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. என் வீட்டுக்காரர். ஓசூரில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். லைனில் செய்து முடித்த எந்தப் பாகமும் லாரி ஏறுவதற்கு முன்னால் கடைசியாக அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ட்ரே. குறை இருந்தால் சிவப்புப் பெட்டி. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இதே வேலைதான். ஷிஃப்ட் முழுக்கக் குறை தேடுகிற மனிதர், வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணைக் கழற்றி லாக்கரிலா வைத்துவிட்டு வர முடியும்?

வீட்டிலும் அதே கதைதான். கத்தரிக்காய் வாங்கி வந்தால் சொத்தை தனியாகப் போகும். துணிக்குப் போடும் கிளிப்பில் ஸ்பிரிங் தளர்ந்தது தனியாகப் போகும். நான் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசின் வாங்கிச் சமையல் மேடையில் வைத்தேன் பாருங்கள்... அதுதான் நான் செய்த தப்பு. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஆகாததெல்லாம் தானாக அதில் போய் விழுகிறது.

என் பாடு உங்களுக்குத் தெரியாததா? ஓசூரை ஒட்டின மத்திகிரியில் வாடகை வீடு. காலையில் கிருஷ்ணகிரி பஸ். அங்கே மாங்கூழ் கம்பெனி ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். சாயங்காலம் திரும்ப பஸ். வந்ததும் அடுப்பு. அவருக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். எந்த வாரம் எந்த வேளைக்கு என்ன சமைப்பது என்பதிலேயே என் மூளை தீர்ந்துவிடுகிறது. சமீபத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார் — “வாரா வாரம் இவ்வளவு கலகலப்பாக எழுதுகிறீர்களே, உங்கள் பொழுதுபோக்கு என்ன மேடம்?” உட்கார்ந்து யோசித்தேன். பஸ்ஸில் சீட் கிடைத்தால் தூங்குவது. வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கட்டையில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாக இழுபட்டுப் போனது. வழக்கமாக உருட்டி மறுபடி தேய்ப்பேன். அன்றைக்குத் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. கிடக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இழுபட்ட பக்கம் ஏதோ தும்பிக்கை மாதிரி இருந்தது.

அதை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். கீழே கிள்ளி நாலு கால். ஒரு துணுக்கைத் தட்டிக் காது. கண்ணுக்கு ஒரு மிளகு. வால் வைக்க இடமில்லை, இருந்தும் வைத்தேன். கல்லில் போட்டதும் யானைக்கு வயிறு புஸ்ஸென்று உப்பியது பாருங்கள்... தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்!

சிரித்த பிறகுதான் பயமே வந்தது. கடைசியாக எப்போது இப்படி, யாருக்கும் உபயோகமில்லாத ஒரு காரியத்தைச் செய்தேன்? கோலம்கூட ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் போட்டி என்றால்தான் போடுகிறேன். அதற்கும் மார்க் உண்டு. அவர் கம்பெனி ஃபேமிலி டேயில் மியூசிக்கல் சேர் ஓடினேன். பரிசுக்காகத்தான் ஓடினேன். சப்பாத்தி சூடாக இருக்கப் போட்டு வைக்கிற ஹாட் பாக்ஸே அப்படிப் பரிசாக வந்ததுதான். எங்கள் ஊரில் விளையாட்டுக்குக்கூட ரிசல்ட் வேண்டியிருக்கிறது.

யானையை ஹாட் பாக்ஸில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். அவர் எழுந்ததும் மூடியைத் திறக்கட்டும், பார்க்கட்டும் என்று ஆசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சின்னப் பிள்ளை மாதிரி ஆசை. அந்த நினைப்போடு மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால், மனிதர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஹாட் பாக்ஸில் வட்டச் சப்பாத்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக இருக்கின்றன. என் யானை? சிவப்பு பேசினில். உருளைக்கிழங்குத் தோல் மேல்!

“அது ஒண்ணு கோணலா இருந்துச்சு. ஓரம் வேற வேகல. எடுத்துப் போட்டேன்” என்றார், குருமாவைத் தொட்டுக்கொண்டே.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவோ பேச்சு கேட்டிருக்கிறேன், அதற்கெல்லாம் அழுததில்லை. இதற்கு அழுதேன். மனிதர் ஆடிப்போனார்.

“என்னத்துக்கு அழுகுற? ஒரு சப்பாத்திக்கா?”

“சப்பாத்தி இல்லீங்க அது. யானை.”

அவர் எழுந்து போய் அதை எடுத்தார். தோலைத் தட்டிவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கம்பெனியில் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே!

“ஒரு கால் கட்டையா இருக்கே” என்றார்.

“தயவு பண்ணி அதைச் செக் பண்ணாதீங்க. அது எந்தக் கம்பெனிக்கும் அனுப்பறதுக்குப் பண்ணலை. எனக்குன்னு பண்ணேன். ஒண்ணே ஒண்ணு... எனக்குன்னு.”

அவர் யானையைப் பத்திரமாக என் தட்டில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “எனக்கு எதப் பாத்தாலும் குறைதான் மொதல்ல தெரியுது. நல்லது அப்புறந்தான் தெரியுது. சில நாள் தெரியாமலே போயிருது. நான் என்னத்தச் செய்யட்டும் சொல்லு. கண்ணு அப்படிப் பழகிருச்சு.”

கோபப்பட வந்தவள் என்ன செய்வேன்? அந்த முகத்தில் நான் பஸ்ஸில் தினம் பார்க்கிற அத்தனை முகங்களின் அசதியும் இருந்தது. என் முகமும் இப்படித்தானே இருக்கும்? குறை கண்டுபிடிக்கத்தான் இவருக்குச் சம்பளம். அதை வீட்டில் நிறுத்து என்றால் எந்த ஸ்விட்சைத் தட்டுவார்?

மீதி ஒரு உருண்டை மாவு இருந்தது. கட்டையோடு எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“நீங்க ஒண்ணு பண்ணுங்க.”

“என்ன செய்யணும்?”

“எதையாவது.”

“எதையாவதுன்னா? ஒரு மாடல் சொல்லு.”

“மாடலெல்லாம் கிடையாது.”

தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் இருந்தாலும் விரலால் தடவிச் சொல்கிற மனிதர். ஒரு உருண்டை மாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. உருட்டினார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேய்த்து முடித்தார். வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி அச்சு அசல் வட்டம்.

எனக்கு மனசு விட்டுப்போனது. இனிமேல் அவ்வளவுதான், எங்கள் இரண்டு பேருக்குமே இது வராது என்று நினைத்தேன். இருந்தும் ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

“என்னங்க இது?”

அவர் அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“நிலா” என்றார்.

நான் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். இந்த வீட்டில் இதுவரை எத்தனையோ சப்பாத்தி சுட்டிருக்கிறேன். நிலா சுட்டது அன்றைக்குத்தான்.