சர்க்கரை போடாத ஷாஹி துக்கடா

இன்று அப்பா மறைமலைநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்காக முதல்முறையாக ஷாஹி துக்கடா செய்தேன். பிரெட்டை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, சுண்டக் காய்ச்சிய பாலை மேலே ஊற்றி, முந்திரி தூவிக் கொடுத்தேன்.

"இனிப்பு அளவா கீதும்மா" என்று இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் படாளம் பஸ் ஏறிய பிறகுதான் நான் ஒரு வாய் வைத்தேன். பாலில் சர்க்கரையே போடவில்லை. அளந்து வைத்த சர்க்கரை அடுப்பு மேடையிலேயே இருந்தது.

சிரித்துக்கொண்டே போன் செய்தேன்.

"ஏம்ப்பா, நான் வருத்தப்படுவேன்னு பொய் சொன்னியா?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே அப்பா சொன்னார்:

"நாக்குல ருசி தெரிஞ்சி மாசக்கணக்கா ஆவுதும்மா. உன்ன இன்னாத்துக்கு பேஜார் பண்ணணும்னுதான் சொல்லாம வுட்டுட்டேன்."

இத்தனை நாளும் அவர் என் சமையலைப் பாராட்டியபோதெல்லாம் பூரித்துப்போனேன். ஏன் இப்படி இளைத்துக்கொண்டே போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாளைக்கு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். உங்கள் வீட்டிலும் எதைப் போட்டாலும் 'நல்லாயிருக்கு' என்பவர் இருந்தால், கைப்பக்குவத்தை மெச்சிக்கொள்ளும் முன் அவரைக் கொஞ்சம் விசாரியுங்கள்.