முகாமில் அச்சான பட்டியல்

அவருடைய பெயரை நானே தட்டி அனுப்பியிருந்தேன். விடுதலைப் பட்டியலில் ஒன்பதாவது வரி. அது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை வரைக்கும் அவர் வீடு வந்து சேரவில்லை.

காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் அவர். தோட்டத்து லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. கம்யூனிஸ்டுகளைத் தேடி நடந்த ஒரு சுற்றிவளைப்பில் மற்றவர்களோடு பிடிபட்டு, உட்புறத்தில் இருந்த விசாரணை முகாமில் இரண்டு மாதமாகக் கிடந்தார். மெர்டேக்காவுக்கு, மலாய் நாடு சுதந்திரம் பெறும் நாளுக்கு, சில மாதங்களே இருந்தன. ஊரில் கொடியைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் அவசரகாலச் சட்டம் அப்படியே இருந்தது. முகாமில் இருந்தவர்களில் இந்தியாவில் பிறந்தவர்கள், விடுதலைப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றப்படுவார்கள். அவர் அங்கே பிறந்து, ஆறு வயதில் இங்கே வந்தவர். அங்கே அவருக்கு யாரும் இல்லை.

நான் அப்போது பண்டார் ஹிலிரில் தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டர் வேலை பார்த்தேன். இங்கே விசைகளைத் தட்டினால், பல மைல் தள்ளி இருக்கும் இயந்திரம் அதைத் தானாக அச்சடிக்கும். கோலாலம்பூரில் ஒரு வருடம் பயிற்சி. பயிற்சி முடிந்த அன்று, அலுவலகத்தில் பார்த்ததை வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்று காலை சைக்கிளை வெளியே எடுக்கும்போது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

“தங்கச்சி, உங்க ஆபீசுக்கு எல்லாம் வருதாமே. இவரு பேரு வந்துச்சா?”

“அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா.”

“சொல்லக்கூடாதா, தெரியாதா? உன் மூஞ்சியப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்னா, அது போலீஸ் ஸ்டேசன் சுவரு மாதிரில்ல இருக்கு.” சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அங்க இவரு பேருலயே நாலு பேராம். நம்பர் போட்டிருக்காங்களாம். இவருக்கு நாலாம் நம்பர். வேற யாரையாச்சும் மாத்தி விட்டுட்டாங்கன்னா?”

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

அலுவலகத்தில் முதலில் எங்கள் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது வரி: விடுவிக்கவும், 4, அவர் பெயர். தப்பில்லை. பிறகு ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, கம்பியில் கோளாறு. இரண்டு, எங்கள் இயந்திரம். மூன்று, அவர்கள் இயந்திரம். நான்கு, தட்டிய கை.

முகாம் ஆபரேட்டரிடம், ஒன்பதாவது வரி உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படியே திருப்பித் தட்டுங்கள் என்று கேட்டேன். இயந்திரம் கடகடவென்று ஓடி நின்றது. 4 இருக்க வேண்டிய இடத்தில் R என்று இருந்தது.

டெலிபிரிண்டரில் எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒரே விசைதான். எண் விசையை அழுத்திவிட்டுத் தட்டினால் 4, அழுத்தாமல் தட்டினால் R. முகாமில் அதே பெயரில் இன்னொருவர் இருந்ததை அந்த ஆபரேட்டர் தட்டிச் சொன்னார். அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்து R. நம்மவர்கள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்தைப் போடுவது அங்கே எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்த்து அவரை விட்டுவிட்டார்கள்.

பெரிய கிராணியிடம் போனேன். எங்கள் பகுதிக்குத் தலைமை அவர்.

“நம்ம பிரதி சரியா இருக்கா?”

“சரியா இருக்குங்க ஐயா. அங்கதான் வேற மாதிரி அச்சாயிருக்கு.”

“அப்ப அவன் மிஷின் கோளாறு. அமெரிக்காக்காரன் சண்டையில போட்டுட்டுப் போன மிஷின்மா அது. நம்மளுது இங்கிலீஷ்காரன் மிஷின். ரெண்டும் பேசிக்கிறதே பெருசு.”

“மத்த நாள்ல சரியா வருதே ஐயா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர் செட்டி கம்பத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர்கள் அவர்கள்; பெயர் நம் பெயர்போல இருக்கும், பேசுவது மலாய். அவரிடம் ஒரே சோதனை வரியை இருவரும் மாறி மாறி அனுப்பலாமா என்று கேட்டேன். அவர் தட்டியது முகாமில் எண்ணாகவே அச்சானது. நான் தட்டியது எழுத்தாகப் போனது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படித்தான்.

“பெலான்-பெலான்லா, அடேக்,” என்றார், மெதுவாகச் செய் தங்கச்சி என்று. பிறகு என் விரல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் முதலில் இடைவெளி விட்டு, அதன்பிறகு எண் விசையை அழுத்தினார். நான் எண் விசையை அழுத்திவிட்டு இடைவெளி விட்டேன். பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் பழக்கியது அப்படித்தான். எங்கள் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. அமெரிக்க இயந்திரமோ இடைவெளி வந்த உடனே தானாக எழுத்துக்குத் திரும்பிவிடும். நான் போட்ட எண் அங்கே எழுத்தாகிவிடும்.

முகாம் ஆபரேட்டரிடம், இதற்கு முன் இப்படி வந்ததுண்டா என்று கேட்டேன். உன் வேலை நேரத்தில் எப்போதும் இப்படித்தான், மேல்வரிசை விசைகளைப் பார்த்து நானே எண்ணாக மாற்றிக்கொள்வேன், இந்த ஒன்று பெயரோடு பொருந்தியதால் மாற்றாமல் விட்டுவிட்டேன் என்று பதில் வந்தது. ஐந்து மாதமாக நான் அந்த முகாமுக்குப் பட்டியல்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

தாளில் முதல் மூன்றின் மேலும் கோடு போட்டேன். நான்காவது மிஞ்சியது.

இன்னொரு தாளில் திருத்தச் செய்தியை எழுதிக்கொண்டு போனேன். பெரிய கிராணி படித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். “திருத்தம் அனுப்பினா, வெளியே போனவன என்ன செய்வாங்கன்னு யோசிச்சியா?”

“யோசிச்சேன் ஐயா.”

“அவன் வீட்டுக்குப் போயி ரெண்டு நாளாச்சு.”

“இவரு வெள்ளிக்கிழமை கப்பல்ல ஏறிடுவாரு ஐயா.”

இருவரையும் விடச் சொல்லி ஒரு வரி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். போலீஸ் கொடுத்த பட்டியலில் ஒரு பெயரைக் கூட்ட எங்களுக்கு அதிகாரமில்லை. அது எனக்கே தெரியும். ஆனாலும் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பதாவது வரி, R அல்ல, 4. இடைவெளி விட்டு, பிறகு எண் விசை. முகாம் அதைத் திருப்பித் தட்டியது. 4 என்றே வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் வந்தது: மற்றவரைக் கொண்டுவர ஆள் போகிறது.

வியாழக்கிழமை பிற்பகல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். தாடியும் மெலிந்த கழுத்துமாக, எனக்கு அடையாளமே தெரியவில்லை. அக்கா அழுதுகொண்டே சமைத்தார், என்னையும் கூப்பிட்டு இலை போட்டார். எழுந்து போக எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

“ஒரு வேடிக்கை கேளும்மா,” என்றார் அவர். “என் பேருக்காரன் ஒருத்தன் திங்கக்கிழமையே வெளியே போனான். எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன். போறப்ப சோப்பு, துண்டு எல்லாத்தையும் எனக்குக் குடுத்துட்டுப் போனான். இன்னிக்கு நான் கேட்டைத் தாண்டுறேன், எதிர்ல அவன் வர்றான். ரெண்டு போலீசு கூட.”

“என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“என்னத்த சொல்ல? என் கையில இருந்த அவன் துண்டையே பார்த்தான். நான் நீட்டினேன். வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டான்.”

“அவரு எங்க பொறந்தவரு?”

“அவனா? அவனும் அங்கதான். தஞ்சாவூருப் பக்கம்.” அவர் சோற்றைப் பிசைந்தார். “எதுக்குத் திரும்பக் கொண்டாந்தாங்கன்னுதான் புரியல.”

அக்கா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன்.